சத்தம் நின்ற ஐஸ் அறை

அத்தியாயம் 9

ஐஸ் அறைக்குள் எங்களை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. "பாத்து வாங்கோ அண்ணை, நிலம் வழுக்கும்" என்று மரியாதை சொல்லிக்கொண்டு சொந்தக் காலால்தான் நடந்து போனோம். பிறகு அதே கதவைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினோம். நினைக்க எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நான் பிரஷாந்தினி. கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால், தையல் கடை மாடியில் இருக்கும் துப்பறியும் அலுவலகத்தின் உதவியாளர், தட்டச்சாளர், ஸ்கூட்டி ஓட்டுநர், தேநீர்ப் பகுதிப் பணிப்பாளர். என் முதலாளி தவராசா முன்பு கூட்டுறவுச் சங்கப் பரிசோதகராக இருந்தவர். சீனி மூட்டையைத் தடவிப் பார்த்தே அதில் யார் தண்ணீர் தெளித்தது என்று சொல்லிவிடுவார். ஓய்வுபெற்ற பிறகு தடவ மூட்டை இல்லாமல் துப்பறியத் தொடங்கினார்.

கையில் இருந்த வழக்கு மூன்று நாள் பழையது. டொக்டர் பிரதாபன் கிளிநொச்சியில் தொய்வு என்னும் ஆஸ்துமா நோய்க்காக ஒரு தனியார் ஆய்வுகூடம் நடத்துகிறார். அவருடைய உறைபெட்டியில் இருந்து சுண்டுவிரல் அளவான பதினெட்டுக் குழாய்கள் காணாமற்போயிருந்தன. உறைபெட்டிப் பூட்டின் திறப்பு அவரிடமும் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தனுஷாவிடமும் மட்டும்தான் இருந்தது. தனுஷாவைக் கேட்டால் "எடுத்தனான்" என்றும் சொல்லவில்லை, "எடுக்கேல்ல" என்றும் சொல்லவில்லை. இன்று காலை அவளை அலுவலகக் கதிரையில் இருத்தி, காவலாளியை வாசலில் விட்டிருந்தார் டொக்டர். இன்று பின்னேரம் நாலு மணிக்குள் குழாய்கள் வராவிட்டால் பொலிசைக் கூப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டார். நாங்கள் ஐஸ் பக்டரி வாசலுக்கு வந்தபோதே மணி இரண்டேகால்.

அந்த வாசலுக்கு எங்களைக் கொண்டுவந்தது ஒரு விரதம்.

காலையில் பஸ் கொண்டக்டர் ஒருவர் சொன்னார்: "அந்தப் பிள்ளையோ? எட்டு நாளா வேலை முடிஞ்சு வரேக்க, புதுக்குடியிருப்பு தாண்டி ஐஸ் பக்டரியடியில இறங்குது. மீன் வாங்கத்தானே." நானும் மீன் வாங்கத்தான் என்று நினைத்து, அடுத்த ஆளை விசாரிக்கப் புறப்பட்டேன். தவராசா அண்ணை அசையவில்லை.

"பிள்ளை, இண்டைக்குக் கௌரி விரதத்தில எத்தினையாம் நாள்?"

"பத்தாம் நாள்."

"தனுஷா விரதமோ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் நேற்று எங்களுக்கு முன்னால் வெறும் பாலும் பழமும்தான் எடுத்தாள். இருபத்தொரு நாளும் மீன் மச்சத்தை வீட்டுப் படலைக்குள் எடுக்காத பெண், நாள் தவறாமல் மீன்காரரின் ஐஸ் பக்டரிக்குப் போகிறாள். மீனுக்கு இல்லையென்றால் குளிருக்கு.

"களவெடுத்த பொருள் கெடக்கூடாது எண்டு ஓடித்திரியிற கள்ளனை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றார் அண்ணை.

பக்டரி வாசலுக்கு வந்ததும் நான் டொக்டருக்கு அழைத்துப் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அவர் புதுக்குடியிருப்பில் கிளினிக் நடத்திக்கொண்டிருந்தார். "நானே வாறன். அரை மணித்தியாலம்," என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

அவரை நல்லவர் என்று நினைக்க எனக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. நான் ஏழு வயதில் இருந்து தொய்வுக்காரி. வழக்கு எடுக்கப் போன முதல் நாளே என் நெஞ்சின் இழுவையைக் கேட்டுவிட்டு, டொக்டர் மேசை லாச்சியைத் திறந்து, வாயில் வைத்து இழுக்கும் ஒரு வெள்ளைப் பம்ப்பை எடுத்துத் தந்தார்.

"மூச்சுக்குழாயைச் சுத்தி வளையம் வளையமாத் தசை இருக்கு," என்று விளக்கினார். "எங்களுக்கு அது தேவையில்லாமல் இறுகும். அந்தத் தசைக் கலத்துக்குள்ள 'சுருங்கு', 'தடிப்பாகு' எண்டு கட்டளை கொண்டு திரியிறது நீளமான ஆர்.என்.ஏ. இன்னொரு சாதி இருக்கு, சின்ன ஆர்.என்.ஏ. இருபத்திரண்டு எழுத்துத்தான் நீளம். அது ஒரு புரதமும் செய்யாது. நீளமானதின்ர வாலில போய் ஒட்டி, அதின்ர வாயைப் பொத்தும். அவ்வளவுதான் அதின்ர வேலை."

"எங்கட அலுவலகத்தில அந்த வேலையை அண்ணை பாக்கிறார்," என்றேன்.

டொக்டர் சிரித்தார். "தொய்வுக்காரற்ற தசையில வாய் பொத்துற ஆக்களில சிலர் குறைவு. ஆனபடியால் கட்டளை எல்லாம் கேட்பாரில்லாமல் ஓடும், தசை இறுகும். அந்தக் குறையிற ஆக்களை நான் ஆய்வுகூடத்தில செய்து இந்தப் பம்ப்புக்குள்ள விட்டிருக்கிறன். என்னையே பாருங்கோ. நானும் தொய்வுக்காரன். ஆறு மாசமா, முட்டுக்கு எல்லாரும் எடுக்கிற நீலப் பம்ப்பைக் கையால தொட்டதில்லை."

அன்றைக்கே என் நீலப் பம்ப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மூன்று நாளும் மூச்சுமுட்டு வரவில்லை. மழை பெய்யாத நாளில் குடையைப் புகழ்கிற ஆள் நான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஐஸ் பக்டரியைப் பார்த்துக்கொள்பவர் இளையதம்பி. அறுபது வயது, காது மந்தம், கழுத்தில் ஒரு துவாய். இயந்திர அறைச் சுவரில் கதிரையைச் சாய்த்து, அதில் தானும் சாய்ந்து இருந்தார். இயந்திரம் போட்ட சத்தத்தில் சுவர் நடுங்கியது, கதிரை நடுங்கியது, அவருடைய கன்னமும் நடுங்கியது.

"இதுக்குள்ள எப்பிடி ஐயா நித்திரை வருது?" என்று கத்தினேன்.

"இது இருந்தாத்தான் பிள்ளை நித்திரை! விடியப் போட்டா இருட்டுமட்டும் நிக்காது. போன மாசம் ஒருக்கா நிண்டது. நான்தான் செத்துப்போனனாக்கும் எண்டு பயந்து எழும்பினனான்!"

தனுஷாவைப் பற்றிக் கேட்டோம். "ஓமோம், ஒரு பிள்ளை பெட்டி வைச்சிருக்கு. உள்ள போய்ப் பாருங்கோ," என்று கையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

அறைக்கதவு ஒரு சாண் தடிப்பம். அது மூடாமல் இருக்க நான் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். உள்ளே ஒரு மஞ்சள் பல்ப்பின் கீழே ஐஸ் பாளங்களும், சுவரோடு கூரை மட்டும் அடுக்கிய ரெஜிபோம் நுரைப்பெட்டிகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும் படகுக்காரரின் பெயர் எழுதியிருந்தது. எதிலும் தனுஷாவின் பெயர் இல்லை.

"மணந்து பார் பிள்ளை," என்றார் அண்ணை.

"என்ன?"

"மீன் மணக்காத பெட்டி ஒண்டு இருக்கும்."

"அண்ணை, நான் வேலைக்கு விண்ணப்பிக்கேக்க நாயெண்டு எழுதேல்ல."

எழுதாவிட்டாலும் மணந்தேன். பாரை, சூடை, கணவாய், நாள்பட்ட கணவாய். பனிக்காற்று ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் ஊசியாக இறங்கியது. இருபதாவது பெட்டியளவில் கண்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பெட்டிக்கு அடியில் மட்டும் வாழையிலை விரித்திருந்தது. மீன் பெட்டியோடு ஒட்டக்கூடாது என்று ஒரு விரதகாரி விரித்த இலை.

"அண்ணை, ஆளைப் பிடிச்சாச்சு!"

நான் அதைக் கீழே இறக்கிய அதே நேரம், செங்கல் உருளும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒரு கால் செங்கல்லை எத்தியது. ஒரு கை கதவைத் தள்ளியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பல்ப்பும் அணைந்தது.

அதில் சதி ஒன்றும் இல்லை. அந்த பக்டரியில் எவர் போனாலும் வந்தாலும் ஐஸ் அறைக்கதவு திறந்திருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும் என்பது பழக்கம். இளையதம்பி அந்தப் பழக்கத்தில் ஊறினவர். தண்ணீர் குடிக்க எழும்பியவர், கதவைக் கண்டார், மூடினார், வெளிச்சத்தை நிறுத்தினார், திரும்பிப் போய்ச் சாய்ந்தார். எங்களை உள்ளே அனுப்பியதை இடையில் போட்ட ஒரு நித்திரையிலேயே மறந்துவிட்டார்.

போன் வெளிச்சத்தில் கதவைத் தடவினேன். கைபிடி இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஆணி ஓட்டைதான் இருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடும் இல்லை. இரண்டு பேரும் கையாலும் காலாலும் அடித்தோம். "இளையதம்பி ஐயா! ஐயா!" என்று கத்தினோம். அந்தப் பக்கம் இயந்திரம் தன் பாட்டில் உறுமிக்கொண்டிருந்தது. எங்கள் சத்தம் அதற்குள் போட்ட உப்பாகக் கரைந்து போனது.

"டொக்டர் வருவார்தானே," என்றேன்.

"வருவார். எங்களைக் காணேல்ல எண்டு வெளியில மரத்துக்குக் கீழ இருப்பார்."

அது உண்மை. கதவுக்குப் பின்னால் இருப்பவர்களைத் தேட யாருக்கும் காரணம் இல்லை. தாழ்ப்பாள் வெளியில் போட்டிருந்தால் உள்ளே ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்.

கத்தியது பிழை. கத்த நிறையக் காற்று வேண்டும், அந்தக் காற்று முழுக்கப் பனி. ஐந்து நிமிடத்தில் என் நெஞ்சுக்குள் அந்தப் பழைய விசில் தொடங்கியது. இது எனக்குத் தெரிந்த விசில். முதலில் மெதுவாக ஊதும், பிறகு யாரோ நெஞ்சைச் சுற்றிக் கயிறு போட்டு ஒரு முடிச்சு இறுக்குவார்கள், பிறகு இன்னொரு முடிச்சு. உள்ளே இழுத்த காற்று வெளியே போகாது, புதுக் காற்றுக்கு இடம் இருக்காது.

"பம்ப் எங்க?" என்றார் அண்ணை. அவர் குரலில் முதல்முறையாகப் பகிடிச் சிரிப்பு இல்லை.

கைப்பைக்குள் வெள்ளைப் பம்ப் இருந்தது. எடுத்து, குலுக்கி, அமத்தி, இழுத்தேன். வாயில் கொஞ்சம் உப்புக் கரித்தது. காத்திருந்தேன். இன்னொரு முறை இழுத்தேன். பிறகு மூன்று, நான்கு. கயிறு கொஞ்சமும் இளகவில்லை.

"இது... முடிஞ்சு... போச்சோ?"

"கதைக்காதை. எப்ப தந்தவர்?"

மூன்று விரலைக் காட்டினேன். மூன்று நாள். புதியது. குலுக்கினால் உள்ளே நிறைய இருப்பது கேட்டது.

அண்ணை தன் சேர்ட்டைக் கழற்றி என் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டினார். என்னை ஒரு கவிழ்த்த பெட்டியில் இருத்தி, முன்னுக்குச் சாய்ந்து முழங்காலில் கையை ஊன்றச் சொன்னார். வெறும் பெனியனோடு நின்று, வாழையிலைப் பெட்டியைத் திறந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள், இந்த மனிதர் மூட்டை தடவுகிறார்.

உள்ளே பதினெட்டுக் குழாய்கள், பஞ்சில் சுற்றி, பிள்ளைகளைப் படுக்க வைத்தது போல் வரிசையாக. ஒன்பதில் 'முன்' என்றும் ஒன்பதில் 'பின்' என்றும் எழுதியிருந்தது. மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அண்ணை போன் வெளிச்சத்தை அதில் பிடித்தார்.

"பிள்ளை, நீ கேள், வாய் திறக்காதை. ஒன்பது நோயாளியளின்ர மூச்சுக்குழாய்த் தசை. வெள்ளைப் பம்ப் எடுக்க முந்தி எடுத்தது ஒண்டு, மூண்டு மாசம் எடுத்த பிறகு எடுத்தது ஒண்டு. அதில இருந்த சின்ன ஆர்.என்.ஏயை மெசினில போட்டு அளந்திருக்கிறாள். தனுஷாவின்ர கையெழுத்து." அவர் விரல் தாளில் மேலும் கீழுமாக ஓடியது. "டொக்டர் சொன்ன கணக்குக்கு 'பின்' குழாயில அது கூடியிருக்க வேணும். ஒண்டிலும் கூடேல்ல. ஒன்பதிலும் முன்னுக்கு எப்பிடியோ பின்னுக்கும் அப்பிடித்தான்."

நான் கையில் இருந்த வெள்ளைப் பம்ப்பைப் பார்த்தேன்.

"உறைபெட்டியில நீளமான ஆர்.என்.ஏ குழாயும் கிடந்தது. கள்ளன் விசயம் தெரியாதவன், முக்கியமானதை விட்டிட்டுச் சின்னனை எடுத்திட்டான் எண்டு டொக்டர் எங்களுக்குச் சொன்னவர். நீளமானது கெதியாச் சிதைஞ்சிடும், சின்னன் இப்பிடியான குளிரிலயும் தாக்குப்பிடிக்கும் எண்டும் அவர்தான் சொன்னவர். தெரிஞ்சவள்தான் எடுத்திருக்கிறாள். நாளையிண்டைக்குக் கொழும்பில இருந்து மருந்தைப் பரிசோதிக்கிற குழு வருகுது எண்டும் இதில கிடக்கு. அதுமட்டும் இதைக் காப்பாத்தத்தான் இந்த ஓட்டம். இஞ்ச ஓரத்தில ஒண்டு எழுதியிருக்கிறாள்." அவர் வெளிச்சத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். "'ஏழாம் இலக்கம் அப்பா. வெள்ளைப் பம்ப் தொடங்கின பிறகு மூண்டு தரம் ஆஸ்பத்திரி. சொன்னாலும் கேக்கிறார் இல்லை.'"

தனுஷாவின் அப்பா மாயாண்டி, நெல் ஆலையில் மூட்டை தூக்குபவர். நாங்கள் அவரையும் விசாரித்திருந்தோம். டொக்டர் ஐயாவைக் கடவுள் என்று சொன்னார்.

அப்படியென்றால் குழாய்களைத் தேடித்தரச் சொல்லி எங்களை வைத்தவர், அவற்றைக் குழுவிடம் கொடுக்கத் தேடவில்லை. கொடுக்காமல் இருக்கத் தேடினார். அதைக் கண்டுபிடித்து, போன் போட்டு, விலாசத்தையும் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன் நான். இந்த வழக்கில் டொக்டருக்கு என்னைவிட நல்ல உதவியாளர் கிடைத்திருக்க மாட்டார்.

நெஞ்சில் அடுத்த முடிச்சு விழுந்தது. விரல் நுனி விறைத்தது. சாவுக்கு நான் பயப்படமாட்டேன் என்று பல பேரிடம் வீரம் பேசியிருக்கிறேன். அதெல்லாம் பொய். நான் பயந்தேன். மீன் பெட்டிகளுக்கு நடுவில், உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கத்தக்கதாகச் செத்துப்போவேன் என்று பயந்தேன். கண்ணீர் வந்தது, அதுவும் குளிர்ந்தது. கடைசிப் பலத்தைச் சேர்த்துக் கதவில் குத்த எழும்பினேன்.

அண்ணை என் கையைப் பிடித்தார். "வேண்டாம். சத்தம் போட்டா ஒருத்தரும் வராயினம். பிள்ளை, அந்த வாய்பொத்தி ஆர்.என்.ஏ என்ன செய்யும் எண்டு டொக்டர் சொன்னவர்?"

நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.

"அதைத்தான் நாங்களும் செய்யவேணும்."

அவர் வெளிச்சத்தைக் கூரைப் பக்கம் திருப்பினார். குளிரை ஊதும் பெரிய பெட்டிக்கு முன்னால், ஒரு மெல்லிய செப்புக் கம்பியின் நுனியில் விரல் பருமனான குமிழ் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"சங்கத்தின்ர குளிரறை ஒண்டைப் பரிசோதிக்கப் போனபோது உதைக் காட்டினவை. அறை எவ்வளவு குளிர் எண்டு மெசினுக்குச் சொல்லுறது உந்தக் குமிழ்தான். போதுமட்டும் குளிர்ந்திட்டுது எண்டு சொன்னா மெசின் நிக்கும். இந்த அறை ஓட்டை அறை, குளிர் ஒருநாளும் போதாது, அதுதான் நிக்காமல் ஓடுது."

ஐஸ் பாளங்களில் அந்த ஐம்பத்தெட்டு வயது மனிதர் வெறும் பெனியனோடு ஏறினார். ஒரு முறை சறுக்கி விழுந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டு, மறுபடி ஏறினார். செப்புக் கம்பியை மெல்ல வளைத்தார். குமிழைப் பெட்டியின் பின்பக்கம் கொண்டுபோய், வெண்பனி மூடிய குழாய்களுக்கு நடுவில் செருகினார். அறையிலேயே அதிகம் குளிர்ந்த இடம் அது.

ஒன்றும் நடக்கவில்லை. இயந்திரம் உறுமியது. நான் ஒவ்வொரு மூச்சாக எண்ணினேன். பத்து. பதினைந்து. மூச்சின் விசில்கூட இப்போது மெலிந்துவிட்டது. அது நல்ல அறிகுறி இல்லை என்று ஏழு வயதில் இருந்து எனக்குத் தெரியும். இருபத்தி மூன்று.

கிளிக் என்று எங்கோ ஒரு சத்தம் கேட்டது. உறுமல் இறங்கியது, முனகியது, நின்றது.

அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள் வெளியே ஒரு கதிரை தடாலென்று விழுந்தது.

"ஐயோ! மெசின் நிண்டுபோச்சு!" இளையதம்பியின் குரல். ஓடும் காலடிகள். இன்னொரு குரல்: "என்ன நடந்தது?"

அண்ணை கதவில் மூன்று தரம் அடித்தார். இந்த முறை அடி மணி அடித்தது போல் கேட்டது. தாழ்ப்பாள் இழுபட்டது. வெளிச்சம் கண்ணில் குத்தியது. வாசலில் இளையதம்பி தலையில் கை வைத்தபடி நின்றார், அவருக்குப் பின்னால் டொக்டர் பிரதாபன்.

"கால் மணித்தியாலமா உந்த வேம்படியில இருக்கிறன்," என்று தொடங்கியவர், என்னைக் கண்டதும் பேச்சை விட்டார். அண்ணை என்னைத் தாங்கி வெளியே கொண்டுவந்து காய்ந்த நிலத்தில் இருத்தினார். என் உதடு நீலமாக இருந்ததாம். என் கையில் வெள்ளைப் பம்ப்பை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

டொக்டர் என் முன்னால் முழங்காலில் விழுந்தார். என் கையில் இருந்த வெள்ளைப் பம்ப்பைப் பிடுங்கி ஒரு பக்கம் எறிந்தார். தன் காற்சட்டைப் பையில் கைவிட்டு ஒன்றை எடுத்துக் குலுக்கி, என் உதட்டுக்கு நடுவில் வைத்தார்.

"மூச்சை விடுங்கோ. இப்ப மெதுவா இழுங்கோ. பிடியுங்கோ... பிடியுங்கோ... விடுங்கோ. இன்னொருக்கா."

எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் கயிறு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. பிறகு இன்னொன்று. காற்று உள்ளே வந்தது. மீன் நாறிய காற்று, அவ்வளவு ருசி. டொக்டரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அவர் உண்மையாகவே பயந்திருந்தார். உண்மையாகவே என்னைக் காப்பாற்றினார். அதை நான் மறைக்கமாட்டேன்.

"பிழைச்சிட்டா," என்று பெருமூச்சு விட்டு, அவர் பம்ப்பைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனார்.

"டொக்டர்," என்றார் தவராசா அண்ணை. "அதை ஒருக்காத் தாங்கோ பாப்பம்."

டொக்டரின் கை நடுவழியில் நின்றது. அவர் கையில் இருந்தது நீலப் பம்ப். பாதிக்கு மேல் பாவித்தது. வாய் வைக்கும் இடம் தேய்ந்து பளபளத்தது.

"ஆறு மாசமாத் தொடாத சாமான்," என்றார் அண்ணை. "காற்சட்டைப் பைக்குள்ள தானா நடந்து வந்ததோ?"

"அது... அவசரத்துக்கு..."

"அவசரத்துக்கு வெள்ளைப் பம்ப் அவளின்ர கையிலயே இருந்தது. நீங்கள் செய்த மருந்து. நம்பியிருந்தா அதைக் குடுத்திருப்பியள். எறிஞ்சிட்டியள்."

டொக்டர் வெள்ளைப் பம்ப் விழுந்து கிடந்த மண்ணைப் பார்த்தார். பிறகு அண்ணையின் கைக்குள் இருந்த வாழையிலைப் பெட்டியைப் பார்த்தார். ஓடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். வெளியே நின்ற மனிதர்தான், ஆனால் அவர் முகத்தைப் பார்க்க அவருக்கும் ஒரு தாழ்ப்பாள் விழுந்தது போல் இருந்தது.

"முதல்ல உண்மையாவே மருந்துதான் இருந்தது," என்றார். "தசைக்குப் போய்ச் சேரேல்ல. சளியில பிடிபட்டுச் சிதைஞ்சு போச்சு. திருத்த இன்னும் ஆறு மாசம் வேணும். அதுவரைக்கும் ஆக்கள் விட்டுப் போகாமல் இருக்க... உப்புத் தண்ணியை மட்டும் விட்டுக் குடுத்தனான். ஒருத்தருக்கும் பெரிசா ஒண்டும் நடக்காது எண்டு..."

"எனக்கு நடந்தது," என்றேன். என் முதல் முழு வசனம் அது.

"எத்தினை பேரிட்ட இருக்கு?" என்று கேட்டார் அண்ணை.

"நாப்பத்திமூண்டு."

வானம் கடற்கரைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை, ஈரக்காற்று. நாற்பத்து மூன்று நெஞ்சுகள், எல்லாம் நீலத்தை அலுமாரிக்குள் பூட்டி வைத்துவிட்டு. எனக்கு மறுபடி குளிர்ந்தது.

அண்ணை முதலில் ஆய்வுகூடத்துக்கு அழைத்தார். காவலாளியிடம் டொக்டரைப் பேசவைத்தார். அடுத்த நிமிடம் போனில் தனுஷாவின் குரல். நான் எல்லாம் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அக்கா, எங்கப்பாகிட்ட முதல்ல சொல்லுங்க," என்றாள். "நேத்து ராவுல இருந்தே இழுக்குது. நான் சொன்னா நம்பமாட்டாரு."

மாயாண்டிக்கு நானே எடுத்தேன். அந்தப் பக்கம் நெல் ஆலையின் இரைச்சல், அதற்கு நடுவில் எனக்கு நன்றாகத் தெரிந்த விசில்.

"ஐயா, வெள்ளையை வைச்சிட்டு நீலப் பம்ப்பை எடுங்கோ. உடனே."

"அதெல்லாம் டாக்டரு ஐயா சொன்னாத்தான்மா," என்றார் அவர், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியபடி. "மக சொல்லியே கேக்கல. நீங்க யாரு?"

நான் போனை டொக்டரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டுக் குழாய்களும் கொழும்புக் குழுவும் இன்னும் செய்யாததை, அவர் பொய்யை அம்பலமாக்குவதை, அந்த ஒரு போன் செய்யப் போகிறது என்று அவருக்குத் தெரியும். மறுமுனையில் விசில் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் கையை நீட்டி வாங்கினார்.

"மாயாண்டி... நான் டொக்டர் கதைக்கிறன்," என்றார் மிக மெதுவாக. "அந்த வெள்ளைப் பம்ப்... அதில..."

சரியாக அந்த நேரம் இளையதம்பி உள்ளே போய்க் குமிழைத் திரும்பப் பழைய இடத்தில் தொங்கவிட்டார். இயந்திரம் உறுமத் தொடங்கியது. சுவர் நடுங்கியது.

"என்னங்கய்யா? கேக்கல!" என்றது போன்.

டொக்டர் எழும்பி நின்றார். ஒரு காதைப் பொத்திக்கொண்டார். தன் பலம் எல்லாவற்றையும் சேர்த்து, பக்டரி முழுக்க, வேம்படியில் மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கத்தினார்:

"தண்ணி, மாயாண்டி! அது வெறும் உப்புத் தண்ணி! நீலத்தை எடு!"